வண்டிக்குத் தெரிந்தது

ஸ்டீரிங் இறுகியதா இல்லையா என்பது வண்டிக்குத் தெரியும் என்று சொன்னது ராஜமாணிக்கம்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன பிறகு வைஜெயந்தி அழுவதை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பக் கேட்டுச் சொல்லுண்ணே" என்றாள், வண்டி ஏதோ பக்கத்து வீட்டு ஆள் மாதிரி.

வைஜெயந்தி அவன் தங்கை. அவள் புருஷன் பாலகுமார் ஒரு டிராவல்ஸில் டிரைவர். போர்ட் பிளேரை அடுத்த சிடியாடாப்புக் கடற்கரையில் டூரிஸ்டுகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது, ஓர் இறக்க வளைவில் வண்டி எதிர்ப்பக்கம் ஏறி ஸ்கூட்டரில் மோதியது. ஸ்கூட்டரில் ஒரு வங்காளியும், பின்னால் பள்ளிக்கூட உடுப்பில் அவர் மகளும். இருவரும் அங்கேயே முடிந்துபோனார்கள். பாலகுமாருக்குக் காறை எலும்பு முறிந்ததோடு சரி. வாயில் வாடை இருந்ததாகப் போலீஸ் எழுதிவிட்டது. எழுதினதும் கேஸ் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜாமீன் இல்லை.

"முந்தின ராத்திரி குடிச்சேன் மச்சான். இல்லேன்னு சொல்லல. அன்னைக்கு ஒரு சொட்டு கிடையாது. வளைவுல ஸ்டீரிங் கல்லு மாதிரி ஆயிருச்சு. மஞ்ச லைட்டு ஒண்ணு எரிஞ்சுது."

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாலகுமார் இதைச் சொன்னான். ஜெயிலுக்குப் போன பிறகும் இதையே சொன்னான், வார்த்தை மாறாமல். வார்த்தை மாறாமல் சொல்வதுதான் வைஜெயந்திக்கு உறுத்தியது. குடிக்கவில்லை என்று அவன் இதற்கு முன்னாலும் வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் இருந்தது. முந்தின இரவின் மிச்சமா, அன்று காலையின் கொஞ்சமா என்று அதில் இல்லை. வண்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டர் பிரேக் சரியாக இருக்கிறது என்றார். ஸ்டீரிங் ராடு மோதியதில் வளைந்திருந்ததால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

கரண்டில் ஓடுகிற ஸ்டீரிங் அது. அதற்கென்று தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. திருப்ப உதவுகிற மோட்டார் நின்றால், என்ன கோளாறு, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று குறித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. ஸ்கேன் கேபிளை மாட்டிக் கேட்டால் சொல்லும்.

ராஜமாணிக்கம் போர்ட் பிளேர் டாலிகஞ்சில் வைத்திருப்பது அந்த ஸ்கேன் தொழில்தான்.

வக்கீல் ஷோபா மேடத்திடம் போய்ச் சொன்னார்கள். அவர் மலையாளி, தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடுவார்.

"நீ பார்த்து வாயால சொன்னா ஆகாது, ராஜ் பாய். ரிஷ்தேதார், சொந்தக்காரன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. வண்டியோட நம்பர் தெரியணும், லேப்டாப் ஸ்க்ரீன் தெரியணும், ஒரே ஷாட்ல வீடியோ. அதைக் காட்டி வண்டியைப் பிடிச்சு வைக்கச் சொல்லிக் கோர்ட்ல கேக்கறேன். கோர்ட் எக்ஸ்பர்ட்டை அனுப்பட்டும். ஆனா ஜல்தி. முதலாளி வண்டியை ரிலீஸ் வாங்கிட்டான், மாலூம் ஹை நா? வெள்ளிக்கிழமை ஷிப்புல ஏத்தறான். மெயின்லேண்ட் போச்சுன்னா போச்சு."

அது புதன்கிழமை. கேபிளோ செத்துக் கிடந்தது.

*

தீவில் நல்ல ஸ்கேன் கேபிள்கள் கொஞ்சம். சின்ன ஷெட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்குவதில்லை. ராஜமாணிக்கத்தின் கேபிள் டாலிகஞ்சுக்கு மட்டும் சொந்தமில்லை; ரங்கத் ஊரில் ஷெட் வைத்திருக்கும் முத்துராஜ் கேட்டால் பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுவான், வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் வரும். இப்படித்தான் பல வருஷமாக. கடைசித் தடவை வந்தபோது பிளாஸ்டிக் கவரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. டிரைவர் கவரைச் சன்னலோரம் ஆணியில் மாட்டியிருக்கிறார். மழை.

முத்துராஜுக்குப் போன் போட்டான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நான் குடுக்கும்போது நல்லாத்தாண்ணே இருந்துச்சு. சத்தியமா. வேணும்னா பஸ்காரனக் கேளுங்க."

"பஸ்காரன் உன்னையக் கேக்கச் சொல்றான்."

"அப்பப் பாதை நடுவுல யாரோ குளிப்பாட்டிருக்காங்க. தலை துவட்டாம அனுப்பிட்டாங்க போல."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கருவி உண்டு. போலீஸ் கேஸ் வண்டி என்றதும், கோர்ட் உத்தரவு இல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். ஆன்லைனில் விற்கிற தீப்பெட்டி அளவு கருவி ஒன்று அவனிடமே கிடந்தது. அது இன்ஜினோடு மட்டும் பேசும், ஸ்டீரிங்கோடு பேசாது. புதுக் கேபிள் சென்னையிலிருந்து வருவதற்குள் வண்டி சென்னைக்குப் போய்விடும். ஆக, செத்ததை எழுப்ப வேண்டும். வேறு வழியில்லை.

*

ராஜமாணிக்கம் கட்சால் தீவில் பிறந்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, இந்தியா என்று சொல்லப்பட்டு, கடைசியில் அந்தத் தீவில் ரப்பர் பால் வெட்ட இறக்கிவிடப்பட்டவர்கள். அவன் படிக்க வேண்டும் என்று போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். ஐடிஐயில் எலெக்ட்ரிகல் முடித்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது கட்சாலுக்குள் கடல் வந்தது. அப்பா, அம்மா, குவார்ட்டர்ஸ் எதுவும் இல்லை. வைஜெயந்திக்கு அப்போது பதினான்கு வயது. ரப்பர் மேட்டில் ஏறித் தப்பியவர்களோடு அவளும் இருந்தாள்.

முகாமுக்குப் போய் அவளைக் கண்டுபிடித்தான். "அம்மா?" என்று கேட்டான். "தெரியல" என்றாள். அம்மா கையை விட்டாளா, இவள் விட்டாளா, அம்மா மேட்டை நோக்கி ஓடினாளா, வீட்டுக்குள் எதையோ எடுக்கத் திரும்பினாளா, எதுவும் அவளுக்குத் தெரியாது. உடல் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் என்று யாரும் இல்லை. பிற்பாடு வருஷக்கணக்கில், கட்சால் ஆட்கள் யார் எதிரே வந்தாலும் நிறுத்திக் கேட்பாள். அவர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அவன்தான் வளர்த்தான். அவன்தான் மாப்பிள்ளை பார்த்தான். பாலகுமார் பார்க்க லட்சணமாக இருந்தான், கலகலவென்று பேசினான், லைசென்ஸில் ஒரு புகார் இல்லை. குடிப்பான் என்பது கல்யாணத்துக்கு முன்பே ராஜமாணிக்கத்துக்குத் தெரியும். யார்தான் குடிக்கவில்லை என்று விட்டுவிட்டான். ராஜமாணிக்கத்துக்குக் கல்யாணம் நடக்கவில்லை. நடத்தி வைக்க ஆள் இல்லை. ஷெட்டின் பின்னாலேயே ஓர் அறை. சமைப்பது, தூங்குவது எல்லாம் அதில்தான்.

தொழிலில் அவன் மேலுமில்லை, கீழுமில்லை. சென்னையில் கொஞ்ச நாள் ஸ்கேன் வேலை பழகி, ஒரு பழைய லேப்டாப்போடு திரும்பினான். இங்கே வந்துதான் ஒன்று புரிந்தது. சென்னையில் சொல்லிக்கொடுத்தபடி, வண்டியில் பதிவாகியிருக்கும் கோளாறுகளை வரிசையாகப் பார்த்துச் சரிசெய்தால் இந்தத் தீவில் பிழைக்க முடியாது. உப்புக் காற்று. எந்த வண்டியைத் திறந்தாலும் இருபது கோளாறு காட்டும். எப்போதோ ஒரு மழையில் நனைந்த வயர், கப்பலில் வரும்போது விட்டுப்போன ஒரு சென்சார். எல்லாம் பழையது, பொய். அதனால் இங்கே ஷெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வழிதான். முதலில் மொத்தத்தையும் அழிப்பது. பிறகு ஒரு ரவுண்டு ஓட்டுவது. எது திரும்ப வருகிறதோ அதுதான் நிஜக் கோளாறு. வங்காளி, தெலுங்கர், தமிழர் யாராக இருந்தாலும் ஷெட்டில் ஒரே ஹிந்தியில் சொல்வார்கள்: 'பஹலே சாஃப் கரோ.' முதலில் துடை. கேபிளை மாட்டு, பட்டியல் வந்ததா, துடை. பல்லைத் துலக்குவது போல அது. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

*

வியாழக்கிழமை காலையிலேயே வைஜெயந்தி ஷெட்டுக்கு வந்துவிட்டாள். டயர் அடுக்கில் உட்கார்ந்துகொண்டு அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பில் செருகினான். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பும் கேபிளை அடையாளம் கண்டது. ஆக அந்தப் பக்கம் பழுதில்லை. ஷெட்டில் வேலைக்கு நின்றிருந்த ஒரு காரின் ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற பதினாறு பின் சாக்கெட்டில் மறுமுனையைச் செருகினான். 'வண்டி பதில் சொல்லவில்லை' என்று வந்தது. மறுபடி. மறுபடி. அதே பதில்.

"வண்டி பேசலையா?" என்றாள்.

"வண்டி பேசுது. இதுக்குக் காது கேக்கல."

கனத்த முனையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். பிளாஸ்டிக் மூடியைப் பிளந்ததும் உப்பும் ஈயமும் கலந்த ஒரு வாடை வந்தது. உள்ளே போர்டின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தான். பச்சை போனது. சூட்டுக் காற்றில் காயவைத்துச் செருகினான். வண்டி பதில் சொல்லவில்லை.

பிறகு மீட்டரை எடுத்தான். வண்டி பேசுவது இரண்டு வயர்களில். பிளக்கில் அவை ஆறாவது பின், பதினாலாவது பின். சாக்கெட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே அறுபது ஓம் காட்ட வேண்டும். காட்டியது. கேபிளை மாட்டிக்கொண்டு, போர்டின் உள்ளே அதே இரண்டைத் தொட்டுப் பார்த்தான். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. பிளக்குக்கும் போர்டுக்கும் இடையில், இரண்டு வயர்களில் ஒன்று அறுந்திருக்கிறது.

வயரைப் பிடித்து மெல்ல வளைத்தான். அறுபது. விட்டான், போய்விட்டது. இன்னும் கொஞ்சம் வளைத்தான். அறுபது, நூறு, ஒன்றுமில்லை.

"வருது போவுது" என்றான்.

"அவர மாதிரி" என்றாள் வைஜெயந்தி. பிறகு, "நீ பாத்துக் கட்டி வச்ச மாப்பிள்ளைதானே. உனக்கு என்னண்ணே தோணுது? குடிச்சிருப்பாரா?"

"நாளைக்குள்ள தெரிஞ்சுரும்."

"உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன்."

அவன் வயரை வெட்டினான். ரப்பர் உறையை உரித்தான். உள்ளே செம்பு கருத்திருந்தது. தண்ணீர் வயருக்குள்ளேயே ஏறிப் போயிருக்கிறது. இன்னும் ஒரு விரல் நீளம் வெட்டினான். கறுப்பு. இன்னும் வெட்டினான். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டியது போலக் காட்டி நாளைக்கு விட்டுவிடும். வெட்டிக்கொண்டே போனதில் ஒரு மீட்டர் நீளம் இருந்த கேபிள் முழங்கை அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் செம்பு செம்பாக மின்னியது.

"ஒண்ணு சொல்லட்டா" என்றாள். "அவரு குடிச்சிருந்தா நான் தாங்கிக்குவேன். அந்தப் புள்ளயோட அம்மா கால்ல போய் விழுவேன். பிறகு என் வேலையப் பாத்துட்டுப் போயிருவேன். குடிக்கலேன்னா எத்தன வருஷம்னாலும் காத்துக்கிட்டுக் கிடப்பேன். ஏதாவது ஒண்ணு. அம்மா விஷயம் மாதிரி இதையும் தெரியாமயே என் தலையில கட்டிராதண்ணே. இந்த ஒண்ணையாவது பாத்துச் சொல்லு."

"பாத்துச் சொல்றேன்."

ஒவ்வொரு வயராகப் பற்றவைத்தான். புகை கண்ணில் ஏறியது. பதினாலாவது பின்னின் அடியில் ஈயமும் விண்டிருந்தது, முடி அளவுக்கு. அதையும் உருக்கிவிட்டான். மூடியைப் பொருத்தாமல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினான். ஷெட்டுக் காரில் செருகினான். ஸ்க்ரீனில் பட்டியல் ஓடியது. கதவு, பேட்டரி, ஏர்பேக், ஆக்சிஜன் சென்சார், பழைய பொய்கள். துடைத்தான். மறுபடி படித்தான். இரண்டு மட்டும் திரும்ப வந்தன.

"கேக்குது" என்றான்.

வைஜெயந்தி டயர் அடுக்கிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

வண்டி நின்ற யார்டும் டாலிகஞ்சிலேயேதான். தகர வேலிக்குள் டிராவல்ஸின் ஓடாத வண்டிகளோடு அதுவும் நின்றது. வாட்ச்மேன் சொக்கலிங்கம் ராமநாதபுரத்துக்காரர். பாலகுமாரோடு சீட்டாடுகிறவர். முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் வரச் சொல்லியிருந்தார். ஒரு கையில் பேட்டரியும் மறு கையில் லேப்டாப் பையுமாக ராஜமாணிக்கம் வருவதைப் பார்த்து, "வாங்க டாக்டர்" என்றார். "செத்தவனுக்கு ஊசி போட வந்துட்டீங்களா?"

"நாடி மட்டும் பாத்துட்டுப் போயிருறேன்ணே."

"பாருங்க, பாருங்க. முதலாளி சாப்பிட்டுட்டு ஒரு கண் அசந்துட்டுத்தான் வருவாரு. ஆனா சில நாளு வயிறு சரியில்லேன்னு சீக்கிரம் வந்துருவாரு. இன்னைக்கு வயிறு எப்படியோ, எனக்குத் தெரியாது." வைஜெயந்தியைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "உள்ள போம்மா. முன்பக்கம் பாக்காத. இடது கதவு திறக்கும், அதுல ஏறிக்க."

அவள் முன்பக்கத்தைப் பார்த்தாள். பானெட் மடிந்து கூரை போல நின்றது. ஹெட்லைட் இருந்த குழியில் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஸ்கூட்டரின் நீலம். நம்பர் பிளேட் வளைந்திருந்தாலும் எண் தெரிந்தது. வீடியோவுக்கு முதலில் அது. பிறகு நிறுத்தாமல் உள்ளே வந்து ஸ்க்ரீன். ஒரு தடவை அப்படியே நடந்து பார்த்துப் பழகிக்கொண்டாள். பிறகு போனைக் கையில் பிடித்தபடி இடது சீட்டில் உட்கார்ந்தாள்.

செத்த பேட்டரியை எடுத்துவிட்டு அவன் தன்னுடையதை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் விளக்குகள் எல்லாம் எரிந்தன, திருவிழா போல. அதில் மஞ்சளில் ஸ்டீரிங் படமும் இருந்தது. சாவி போட்டால் அது எப்படியும் எரியும், அது சாட்சியில்லை. கேபிள் குட்டையாகிவிட்டதால் லேப்டாப்பை மடியில் வைக்க முடியவில்லை. தரையில் முட்டிபோட்டு, சீட்டின் அடியில் லேப்டாப்பை வைத்து, தலையை ஸ்டீரிங்குக்குக் கீழே கொடுத்துத்தான் உட்கார முடிந்தது. ஈரக் கம்பளத்தின் வாடை. கண்ணாடித் தூள் முட்டியில் குத்தியது.

செருகினான்.

வண்டி பதில் சொல்லவில்லை.

"இப்ப எடுக்கவாண்ணே?"

"இரு. முதல்ல கேபிள் நிக்கட்டும். நான் சொல்றேன்."

கழற்றித் துடைத்துச் செருகினான். ஒரு நொடி இணைந்தது, விட்டது. சாக்கெட்டும் தளர்ந்திருந்தது, மோதியதில் கீழ்ப் பலகையே விலகியிருக்கிறது. இடது கையால் பிளக்கை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தான். இணைந்தது. கை அசைந்ததும் விட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. டேப்பைப் பிரித்து, பதினாலாவது பின்னின் வயரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். வெளியே சொக்கலிங்கம் யாரிடமோ, "முதலாளி இல்ல, நாளைக்கு வா. கல் ஆனா, கல்" என்று ஹிந்தியிலும் கத்தினார். மறுபடி அழுத்தினான். மறுபடி. மேலே வைஜெயந்தி ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

இணைந்தது. நின்றது.

இன்ஜின், கியர், பிரேக், ஸ்டீரிங், ஏர்பேக் என்று ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. பட்டியல் மேலிருந்து கீழே ஓடிற்று. வந்துவிட்டது. கேபிள் கேட்கிறது. வலது கை, அதன் வேலையை அது பார்ப்பது போல, விசைக்குப் போயிற்று. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று வண்டி கேட்டது. எல்லா வண்டியும் கேட்கும். விரல் ஆமாம் என்றது.

ஸ்க்ரீன் பச்சையாயிற்று.

"பச்சையா வந்துருச்சே" என்றாள் வைஜெயந்தி, சீட்டிலிருந்து குனிந்து. "இப்ப எடுக்கவா?"

பிளக்கை அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரல் வலித்தது. அப்போதும் விடவில்லை.

"அண்ணே. பச்சைன்னா கோளாறு இல்லேன்னுதானே?" அவள் குரல் மாறியது. "ஸ்டீரிங் நல்லாத்தான் இருந்துச்சா?"

அப்படியே விட்டிருக்கலாம். அவளுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அல்லது, இல்லை, ஸ்டீரிங்தான் என்று காட்டியது, நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு பதில். இரண்டும் அவன் வாய் வரைக்கும் வந்தன.

"இருந்துச்சு" என்றான். "கோளாறு நிறைய இருந்துச்சு. நான் அழிச்சுட்டேன்."

"என்னது?"

"துடைச்சுட்டேன். பழக்கத்துல. கை தானாப் போயிருச்சு."

"என்ன இருந்துச்சு? பாத்தேல்ல?"

பார்த்தான். பார்க்கவும் இல்லை. எத்தனை வரி என்று தெரியாது. ஏர்பேக் இருந்தது, அது மோதியதில் வந்தது. C என்று ஆரம்பிக்கிற வரி ஒன்றாவது இருந்தது, நடுவில். ஸ்டீரிங் கோளாறுக்கும் C, பிரேக் கோளாறுக்கும் C. முன்சக்கரம் நசுங்கினால் பிரேக்கின் C தானாக வரும். அந்த வரியின் மிச்ச எண்களை அவன் கண்ணை மூடிக்கொண்டு தேடினான். தேடத் தேட, தனக்கு வேண்டிய எண்களே வந்தன.

"சரியாப் பாக்கல" என்றான்.

வைஜெயந்தி போனை மடியில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை.

அவன் எழுந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். நிஜக் கோளாறாக இருந்தால் திரும்ப வரும். ஸ்டீரிங்கை இடதுபக்கம் திருப்பினான். வளைந்த ராடு கிறீச்சிட்டது. வலதுபக்கம் திருப்பினான். குனிந்து பிளக்கை அழுத்திப் படித்தான். ஏர்பேக் திரும்ப வந்தது. ஒரு பிரேக் சென்சார் திரும்ப வந்தது. ஸ்டீரிங்குக்கு நேரே பச்சை. மறுபடி எழுந்து திருப்பினான். ஓடாத வண்டி, இறக்கம் இல்லை, வளைவு இல்லை. எப்போதோ ஒரு தடவை நிற்கிற மோட்டார் இங்கே நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அவனுக்கே தெரியும். இடது, வலது என்று திருப்பிக்கொண்டே இருந்தான்.

"போதும், இறங்குண்ணே" என்றாள் அவள்.

அதற்குள் சொக்கலிங்கமும் ஓடி வந்தார். "டாக்டர், எடுங்க எடுங்க, வயிறு சரியில்ல போல, கார் வருது."

*

மறுநாள் வண்டி போயிற்று. ஷோபா மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேஸ் கட்டை மூடி வைத்தார். பிறகு, வண்டியைத் தொட்டதாகவே யாரிடமும் மூச்சுவிட வேண்டாம், சாட்சியத்தை அழித்ததாகக் கேஸ் உன் மேல் திரும்பும் என்றார். அதைத் தமிழில் மட்டும் சொன்னார்.

ஜெயிலில் சனிக்கிழமை பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப்புறம் பாலகுமார் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றான். மழித்த முகம். வந்ததும் வராததுமாகக் கேட்டான்:

"மச்சான், பாத்தீங்களா? என்ன காட்டுச்சு?"

வைஜெயந்தி வலையோடு முகத்தை ஒட்டிவைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்பது ராஜமாணிக்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. சேதி சொல்லும்போது அந்த முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வந்திருக்கிறாள்.

சொன்னான். கேபிள், பச்சை, விரல் எல்லாவற்றையும். பக்கத்து வலையில் ஒரு நிக்கோபாரிக் கிழவர் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். சத்தத்தில் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாலகுமார் கேட்டுக்கொண்டே இருந்தான். தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் சிரித்தது போலக்கூட இருந்தது.

"சரி மச்சான். விடுங்க."

"என்ன மாப்பிள்ளை விடுங்க? ஸ்டீரிங்தானே? நீங்களே சொல்லுங்க, ஸ்டீரிங்தானே?"

"இனிமே நான் என்ன சொல்லி என்ன. விடுங்க." பிறகு வைஜெயந்தியிடம், "வீட்ல கேஸ் சிலிண்டர் தீந்துருச்சா? புக் பண்ணிட்டியா?" என்றான்.

"பண்ணிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு அவன் ஸ்டீரிங் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அன்றும் சரி, பிறகு கோர்ட்டிலும் சரி. வக்கீல் எதைச் சொல்லச் சொன்னாரோ அதைச் சொன்னான். நம்பிக்கை போனவன் விட்டுவிட்டானா, பயம் போனவன் விட்டுவிட்டானா, ராஜமாணிக்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜெயில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். தூறல். வைஜெயந்தி முன்னால் போனாள். நிழற்குடையின் அடியில் நின்றதும் அவளாகவே பேசினாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஸ்டீரிங்தான்னு ஒரு பொய் சொல்லிருந்தா நம்பிருப்பேன். இல்லேன்னு சொல்லிருந்தாலும் நம்பிருப்பேன்."

"பொய் எப்படிச் சொல்ல முடியும், வைஜெயந்தி?"

"முடியாதுதான்."

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள், அவன் பின்வாசலில். கூட்டம் இல்லை. கண்டக்டர் முன்னாலிருந்து வந்தார். அவள் ஒரு டிக்கெட் என்று சொல்வது அவனுக்குக் கேட்டது.